விரவல்: வேகமா, வீதமா, குணகமா?

"விரவல் என்றால் என்ன?" என்று கேட்டால் வகுப்பில் பாதிக் கைகள் உயர்ந்துவிடும். செறிவு மிகுந்த இடத்திலிருந்து செறிவு குறைந்த இடத்திற்கு மூலக்கூறுகள் தாமாகவே பரவுவதே விரவல். விடை சரி, மதிப்பெண்ணும் உண்டு. ஆனால், "எவ்வளவு விரைவாக?" என்று அடுத்த கேள்வி எழுந்தால், "விரவல் வேகம்" என்ற சொல்லோடு பல விடைத்தாள்கள் நின்றுவிடுகின்றன. அந்தச் சொல் பொருத்தமானதுதானா என்பதே நமது கேள்வி.

வேகம் என்பது தொலைவை நேரத்தால் வகுத்து வருவது. மணிக்கு 40 கிலோமீட்டர் செல்லும் பேருந்து இரண்டு மணி நேரத்தில் 80 கிலோமீட்டர் செல்லும். மூலக்கூறு அப்படிச் செல்வதில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு விளையாட்டுத் திடலின் நடுவில் நிற்கும் ஒரு சிறுமியை நினைத்துப் பாருங்கள். அவள் ஒவ்வோர் அடியையும் நினைத்த திசையில் எடுத்து வைக்கிறாள். 100 அடிகள் நடந்த பின்னும் அவள் புறப்பட்ட இடத்திலிருந்து சராசரியாகப் பத்தடித் தொலைவில்தான் இருப்பாள். இருபதடி விலகவேண்டுமானால் 400 அடிகள் நடக்கவேண்டும். தொலைவு இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகிறது. இதுவே விரவலின் இயல்பு.

1855ஆம் ஆண்டில் அடால்ஃப் ஃபிக் என்ற ஜெர்மானிய உடலியல் அறிஞர் இதற்கு ஒரு விதி வகுத்தார். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் வழியே ஒரு வினாடியில் கடக்கும் பொருளின் அளவு, அங்கே செறிவு எவ்வளவு செங்குத்தாகச் சரிகிறது என்பதைப் பொறுத்தது என்றார். அச்சரிவைப் பெருக்கும் எண்தான் விரவல் குணகம். அதன் அலகைக் கவனியுங்கள்: வினாடிக்கு இத்தனை சதுர சென்டிமீட்டர்! வேகத்தின் அலகில் சதுரம் ஏது? அந்த ஒரு சொல்லுக்குள்தான் கண்ணைக் கட்டிய சிறுமியின் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஆகவே மூன்று சொற்களையும் தனித்தனியே வைப்போம். ஒரு வினாடியில் கடக்கும் பொருளின் அளவு விரவல் வீதம். குறிப்பிட்ட வெப்பநிலையில், ஒரு பொருள் மற்றொன்றினுள் பரவும் தன்மையைக் காட்டும் எண் விரவல் குணகம். வேகம் என்ற சொல்லைப் பேருந்துக்கே விட்டுவிடுவோம். நாம் மனப்பாடம் செய்யும் கிரஹாம் விதியும் வீதத்தைப் பற்றியதே. தாமஸ் கிரஹாம் அளந்து பார்த்தது, நுண்துளைகள் கொண்ட சாந்து அடைப்பின் வழியே குறிப்பிட்ட நேரத்தில் எவ்வளவு வாயு கடந்தது என்பதைத்தான்.

"சொல்லில் என்ன இருக்கிறது?" என்று தோழியர் சிலர் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீரில் சர்க்கரையின் விரவல் குணகம் வினாடிக்குச் சுமார் 0.000005 சதுர சென்டிமீட்டர். இதன்படி ஓர் உயிரணுவின் அளவான நூறில் ஒரு மில்லிமீட்டரைக் கடக்கச் சர்க்கரைக்குப் பத்தில் ஒரு வினாடி போதும். ஒரு சென்டிமீட்டரைக் கடக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். பத்து சென்டிமீட்டர் உயர டம்ளரில், கலக்காமலும் அசையாமலும் வைத்தால், மூன்று மாதங்களுக்கு மேல் ஆகும்! காப்பியைக் கரண்டியால் கலக்குவது ஏன், உயிரணுவுக்கு வேண்டாத இதயம் நமக்கு வேண்டியது ஏன் என்பதெல்லாம் இப்போது விளங்குகிறதன்றோ?

இதே கணக்கு ஒரு பழைய எடுத்துக்காட்டையும் ஐயுறச் செய்கிறது. அறையின் ஒரு மூலையில் வாசனைத் திரவியப் புட்டியைத் திறந்தால் மறு மூலையில் மணம் வீசுவது விரவலால் என்று படிக்கிறோம். சிறிதும் அசையாத காற்றில் அந்த மணம் ஐந்து மீட்டரைக் கடக்கப் பத்து நாட்களுக்கு மேல் ஆகும். சில நிமிடங்களில் அதை நம் மூக்கிற்குக் கொண்டுவருவது காற்றோட்டமே. விரவலுக்கு இந்த எடுத்துக்காட்டைச் சொல்வதை நிறுத்தவேண்டும் என்பது நம் கருத்து.

இது தேர்வுத்தாளோடு முடியும் செய்தியும் அன்று. சமையல் வாயு கசிந்தால், "வாயுதானே, தானாகவே பரவிக் கலைந்துவிடும்" என்று எண்ணுவோர் உண்டு. அவ்வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. அது தரையோரமாகத் தேங்கும். மூடிய அறையில் அதை விரவல் விரைந்து கலைத்துவிடாது. எனவே சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடவேண்டும். கதவு சன்னல்களை அகலத் திறக்கவேண்டும். மின்விளக்கின் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. தீக்குச்சியைத் தொடவே கூடாது. விரவல் மெதுவானது என்று அறிந்த பெண், அது தன் வேலையைச் செய்யட்டும் என்று காத்திருக்க மாட்டாள். பெற்றோரும் இதனை மனத்திற்கொள்ள வேண்டுகிறோம்.

நாம் கேட்பது பெரிதன்று. ஒரு கலைச்சொல்லைக் கற்பிக்கும்போது அதன் அலகையும் உடன் கற்பிக்கவேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனைக் குழாயில் கடற்பாசிக் கூழை உறையவைத்து, அதன் மேல் மயில்துத்தக் கரைசலை ஊற்றி, ஒரு மணி நேரத்திலும் நான்கு மணி நேரத்திலும் நீலம் இறங்கிய தொலைவை அளந்து பார்க்கலாம். நேரம் நான்கு மடங்காகியும் தொலைவு இரு மடங்கே ஆகியிருப்பதைக் கண்ணால் கண்ட மாணவி, விரவலை இனி வேகம் என்று எழுதமாட்டாள்.

தோழியரே, சொல்லை மட்டும் சுமப்பது பாரம். பொருளோடு சுமப்பதே கல்வி. அடுத்த முறை விரவலைப் பற்றி எழுதும்போது, எண்ணுக்குப் பக்கத்தில் அந்தச் சின்னஞ்சிறு "சதுர" என்ற சொல்லையும் மறவாமல் எழுதுவோம்.