வால்வு பொருத்திய பிறகு

இருதயத்தைத் திறந்து செய்யும் ரண சிகிச்சையின் சாமர்த்தியத்தை வியந்து பேசும் நாம், அந்தச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரின் ரத்தம் எப்படி உறைகிறது என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

1953-ஆம் வருஷம் பிலடெல்பியா நகரில் ஜான் கிப்பன் என்ற வைத்தியர், இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஒரு யந்திரத்திடம் ஒப்படைத்து ரண சிகிச்சையில் வெற்றி கண்டதற்குப் பின்னால் ஹெப்பாரின் என்ற மருந்து நின்றது. அந்நிய வஸ்துவைத் தொட்டதும் உறையத் தொடங்குவது ரத்தத்தின் சுபாவமாதலால், ஹெப்பாரினால் அதைத் தடுத்து, வேலை முடிந்ததும் புரோட்டமினால் முறிப்பது இன்றும் வழக்கம். யந்திரத்தினூடே சுற்றி, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்தும் சோர்ந்தும் போவதால், ரத்தக் கசிவு மிகுந்து மார்பை மறுபடி திறக்க நேர்வதுண்டு. அபூர்வமாகச் சிலருக்கு, ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில், ஹெப்பாரினே தட்டணுக்களைக் குறைத்து, விபரீதமாக, ரத்தக் குழாய்களில் உறைந்த ரத்தக் கட்டிகளையும் உண்டாக்கிவிடும். இவை ஆஸ்பத்திரியில் நடப்பவை. கவனிக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

என் கவலையெல்லாம் வெளியே நடப்பதைப் பற்றி. ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு கெட்டு, உலோக வால்வு பொருத்திக்கொண்ட ஒரு கிராமத்துப் பெண், ஆயுள் பரியந்தம், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மாத்திரையை விழுங்க வேண்டும். (1948-இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்த வஸ்து இது என்பது ஒரு வேடிக்கை.) ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற பரிசோதனை எண் அவளுக்குப் பொதுவாக 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் நிற்க வேண்டும். தாழ்ந்தால் வால்வில் கட்டி சேர்ந்து பக்கவாதம் வரலாம், மிகவும் உயர்ந்தால் மூளையிலேயே ரத்தம் கசியலாம். வழக்கத்துக்கு மாறாகச் சில நாள் முருங்கைக்கீரையை நிறையத் தின்றாலும் அந்த எண் இறங்கிவிடும்; மூட்டுவலிக்குத் தானாக வாங்கிப்போடும் மாத்திரையோ ரத்தப்போக்கு அபாயத்தைக் கூட்டும். வார்ஃபரினுக்குப் பதிலாக டாபிகட்ரான் என்ற புதிய மருந்தை உலோக வால்வுக்காரர்களிடம் பரீட்சித்தபோது, கட்டியும் ரத்தப்போக்கும் இரண்டுமே மிகுந்ததால் ஆராய்ச்சி பாதியில் நிறுத்தப்பட்டது.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகத்தார் உள்நாட்டிலேயே வால்வு செய்து, 1990-இல் மனிதருக்குப் பொருத்தியும் காட்டினார்கள். வால்வையே செய்யத் தெரிந்த தேசத்தில், அதைக் காப்பாற்றும் பரிசோதனைக்காகப் பலர் ஒருநாள் கூலியை இழந்து நகரத்துக்குப் பஸ் ஏறுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி ரத்தத்தில் சில நிமிஷங்களுக்குள் எண்ணைச் சொல்லும் கையடக்கக் கருவிகள் இருக்கின்றன. சிகிச்சைக்குக் காப்பீட்டில் பணம் கொடுக்கும் சர்க்கார், அந்தக் கருவியையும், எண்ணுக்குத் தக்கபடி வைத்தியரைக் கேட்டு அளவை மாற்றிச் சொல்லப் பழகிய ஒரு நர்ஸையும் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வைக்க வேண்டும். வார்ஃபரின் கருவிலிருக்கும் சிசுவைப் பாதிக்கக்கூடும் என்பதால், நாள் தள்ளிப்போன பெண் பயந்து மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாமல், உடனே வந்து கேட்கவும் அந்த நர்ஸே அருகில் இருப்பார்.