வைஸ் சிட்டி திக்கினால் ராம் போடு!

சிட்லபாக்கத்தில் ஒரு இன்ஜினியரிங் மாணவன். அப்பா மாதத் தவணையில் வாங்கிக் கொடுத்த புத்தம்புது மடிக்கணினி. 144 ஹெர்ட்ஸ் திரை, தனி கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ராம். பையன் முதல் வேலையாக ஜிடிஏ வைஸ் சிட்டியை ஏற்றினான். (ப்ராஜெக்ட் ரிப்போர்ட் டைப் செய்யத்தான் வாங்கினேன் என்று சொல்பவனை நம்பாதீர்கள்.) ஆட்டம் ஓடியது. ஆனால் திக்கித் திக்கி ஓடியது. பைக்கில் போனால் ரோடு விட்டு விட்டு நகர்கிறது, கேமராவைத் திருப்பினால் வெட்டு விழுகிறது.

உடனே ஆலோசகர்கள் கூடிவிட்டார்கள். வகுப்புத் தோழன் "8 ஜிபி எல்லாம் பத்தாதுடா" என்றான். கடைக்காரர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ராம் பத்தலை தம்பி, இன்னொரு எட்டு போட்டுடுங்க." ரிச்சி தெருவுக்கு ஒரு நடை, கிட்டத்தட்ட நாலாயிரம் ரூபாய். வீட்டுக்கு வந்து போட்டால் அதே திக்கல்.

இந்த "ராம் போடு" வைத்தியம் எத்தனை வீடுகளில் எத்தனை அப்பாக்களின் பணத்தைத் தின்றிருக்கிறது! கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். வைஸ் சிட்டி கணினிக்கு வந்தது 2003-ல். அது கேட்டது 800 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3, 128 எம்பி ராம், 32 எம்பி கிராபிக்ஸ் கார்டு. அவ்வளவுதான். அது ஒரு 32-பிட் நிரல் வேறு. அந்த வகை நிரலுக்கு விண்டோஸ் சாதாரணமாகக் கொடுக்கும் முகவரி இடமே 2 ஜிபி. எட்டைப் பதினாறாக்கினாலும் முப்பத்திரண்டாக்கினாலும் ஆட்டத்துக்கு அதற்கு மேல் எட்டாது. ஒரு ஆள் சாப்பிடும் வீட்டில் அண்டா வாங்கி வைத்த கதைதான்.

அப்படியென்றால் ஏன் திக்குகிறது? பெட்டிக்குச் சக்தி போதாததால் அல்ல. பெரும்பாலும் சிக்கல் நேரக் கணக்கில் இருக்கிறது.

அந்தப் பையனின் திரையையே எடுத்துக்கொள்ளலாம். வைஸ் சிட்டியின் பிரேம் லிமிட்டர் நொடிக்கு 30 படம் என்று வைக்கப்பட்டது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு சுற்று நிற்கும். கண்ணுக்குச் சீராகத் தெரியும். 144-ஐ 30-ஆல் வகுத்தால் 4.8. திரையால் 4.8 சுற்று காட்ட முடியாது. ஆகவே ஒரு படம் நாலு சுற்று, அடுத்தது ஐந்து சுற்று என்று ஒழுங்கில்லாமல் நிற்கிறது. இதை எந்த ராம் சரிசெய்யும்? லிமிட்டரை அணைத்துவிடு என்பார்கள் சிலர். அந்தக் கால ஆட்டங்களில் படங்களின் எண்ணிக்கையோடு இயற்பியலும் பின்னிக் கிடக்கிறது. சான் ஆண்ட்ரியாஸில் லிமிட்டரை அணைத்தால் ஹீரோவின் நீச்சலே மந்தமாகிவிடும்.

இன்னொன்று, விண்டோஸின் கடிகாரம். அது சாதாரணமாக 15.6 மில்லி நொடிக்கு ஒரு முறைதான் துடிக்கும். ஒரு ஆட்டம் "1 மில்லி நொடி தூங்கி எழுகிறேன்" என்றாலும் அடுத்த துடிப்பு வரும்வரை எழுப்ப ஆள் இல்லை. சிட்லபாக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். குரோம்பேட்டை ஸ்டேஷனுக்கு எவ்வளவு வேகமாக ஓடினாலும் மின்சார ரயில் வரும்போதுதான் வரும், ஒரு வண்டி போய்விட்டால் அடுத்தது வரும்வரை நிற்க வேண்டியதுதான். முன்பெல்லாம் ஏதோ ஒரு நிரல் கடிகாரத்தை வேகப்படுத்தக் கேட்டால் கணினி முழுவதற்கும் வேகம் கூடும், பழைய ஆட்டங்களும் ஓசியில் பயணம் செய்தன. 2020 மே மாத விண்டோஸ் 10 பதிப்பில் மைக்ரோசாப்ட் அதை மாற்றியது. கேட்டவருக்கு மட்டும்தான் வேகம். கேட்காமலே பிழைத்து வந்த ஆட்டங்கள் அதற்குப் பிறகு தடுமாறின.

போதாக்குறைக்கு இன்றைய கிராபிக்ஸ் கார்டு இவ்வளவு லேசான வேலையை வேலையாகவே மதிப்பதில்லை. மின்சாரம் மிச்சம் பிடிக்க வேகத்தைக் குறைத்துக்கொண்டு அரைத் தூக்கத்தில் இருக்கிறது, திடீரென்று எழுகிறது, மறுபடி தூங்குகிறது. மேலும் வேகமான கார்டு வாங்கினால் இன்னும் நன்றாகத் தூங்கும் :-)

இது புது வியாதியும் அல்ல. 486 காலத்துப் பெட்டிகளில் "டர்போ" என்று ஒரு பொத்தான் இருந்தது. பேரைப் பார்த்து ஏமாந்தவர்கள் அதிகம். அதன் நிஜ உபயோகம், பழைய நிரல்களுக்காகக் கணினியை மெதுவாக்குவது! 2005-ல் ஏஎம்டியின் இரட்டை மூளை ஆத்லான் வந்தபோது இரண்டு மூளைகளின் சுழற்சிக் கணக்கும் ஒத்துப்போகாமல் ஆட்டங்கள் குதித்தன. அந்த நிறுவனமே அதற்கு ஒரு சின்ன நிரலை வெளியிட்டது.

சரி, இதையெல்லாம் சரிசெய்ய வேண்டியது யார்? ஆட்டத்தை விற்றவர்தானே? அங்கே நடந்ததைப் பாருங்கள். 2021 பிப்ரவரியில், ரசிகர்கள் ஜிடிஏ 3-ஐயும் வைஸ் சிட்டியையும் பிரித்து மேய்ந்து புதுக் கணினிகளில் ஓடும்படி மறுபடி எழுதிய நிரலை டேக்-டூ நிறுவனம் இணையத்திலிருந்து இறக்க வைத்தது. செப்டம்பரில் அவர்கள் மீது வழக்கே போட்டது. அக்டோபரில் பழைய மூன்று ஆட்டங்களும் கடையிலிருந்து காணாமல் போயின. நவம்பரில் "டெஃபினிட்டிவ் எடிஷன்" வந்தது, பிழைகளோடு. ராக்ஸ்டார் மன்னிப்புக் கேட்டு, பழையதையும் கணினிக்குத் திருப்பித் தருவதாகச் சொல்ல வேண்டி வந்தது.

"இருபது வருஷப் பழைய ஆட்டத்துக்கு யார் சார் உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள்?" என்று நியாயம் பேசுபவர்கள் உண்டு. சைலன்ட் என்ற பெயரில் எழுதும் ஒருவர் பார்க்கிறார். அவருடைய சைலன்ட்பேட்ச் இலவசம். விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பில் சான் ஆண்ட்ரியாஸின் கடல் விமானம் மறைந்துபோனபோது ஊரே விண்டோஸைத் திட்டியது. 2025 ஏப்ரலில் அவர் துருவிப் பார்த்துச் சொன்னது வேறு. அந்த விமானத்தின் தகவல் வரியில் சக்கர அளவு எழுதப்படவே இல்லை. நினைவகத்தில் தற்செயலாக மிச்சமிருந்த எண்ணை வைத்தே அது இருபது வருஷம் பறந்திருக்கிறது. கம்பெனிக்கு வக்கீல் வைக்க நேரம் இருக்கிறது, இந்த ஒரு வரியைத் திருத்த நேரம் இல்லை.

வேலை பார்க்க மனமில்லை என்றால் வழியையாவது விடலாம். ஐடி சாப்ட்வேர் 1997-ல் டூமின் மூல நிரலையும், 1999-ல் குவேக்கின் மூல நிரலையும் வெளியிட்டது. இன்று அந்த இரண்டும் எந்தப் பெட்டியில் போட்டாலும் வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. ஐடி ஒன்றும் அதனால் திவாலாகிவிடவில்லை.

சிட்லபாக்கத்துப் பையன் கடைசியில் செய்தது இதுதான். டிஸ்ப்ளே அமைப்பில் 144-ஐ 60 ஆக்கினான். கிராபிக்ஸ் அமைப்பில் அந்த ஆட்டத்துக்கு மட்டும் முழு வேகம் கொடுத்தான். சைலன்ட்பேட்சைப் போட்டான். மொத்தம் பத்து நிமிடம், செலவு பூஜ்யம். திக்கல் நின்றது. ராமைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் சொன்னாராம், "பிரிச்சுட்டீங்களே தம்பி, எடுக்க முடியாது."