பாலையில் விருந்தினர்

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் 'சாவுப் பள்ளத்தாக்கு' என்னும் பாலைநிலம் உள்ளது. அதன் தாழ்ந்த பகுதி கடல்மட்டத்திற்கு 86 மீட்டர் கீழே கிடக்கிறது. ஆண்டு முழுவதும் அங்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 2 அங்குலமே. 1913 ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அங்கே 134 பாரன்ஹீட் பாகை வெப்பம் பதிவாயிற்று. உலகில் அளந்து குறிக்கப்பட்ட வெப்பங்களுள் அதுவே மிக உயர்ந்ததாக ஏட்டில் நிற்கிறது.

இந்நிலத்தைக் காண இன்று பலர் இன்பச் செலவு மேற்கொள்கின்றனர். அவருள் சிலர் ஏறிச் செல்லும் ஊர்தி, சக்கரம் பூண்ட ஒரு சிறு வீடே எனலாம். படுக்கை, அடுக்களை, தண்ணீர்த் தொட்டி, குளிரூட்டும் பொறி ஆகிய அனைத்தும் அதனுள் உண்டு. வீட்டையே உடன்கொண்டு செல்வோர்க்கு அச்சம் ஏது என்று தோன்றலாம். அவ்வெண்ணம் பிழையுடையது.

1849 ஆம் ஆண்டின் இறுதியில், பொன் தேடிப் புறப்பட்ட கூட்டத்தாருள் சிலர், குறுக்கு வழியை நாடி இப்பள்ளத்தாக்கினுள் புகுந்தனர். அவர்களும் தம் உடைமைகளையெல்லாம் வண்டிகளில் ஏற்றி வந்தவரே. குளிர்காலமாக இருந்தும் நீரும் புல்லும் அரிதாயின, எருதுகள் மெலிந்தன. ஒரு பிரிவினர் தம் வண்டிகளையே எரித்து, அத்தீயில் எருதின் இறைச்சியை உலர்த்தி எடுத்துக்கொண்டு, கால்நடையாக வெளியேறினர்.

அதே நிலத்தில் திம்பிஷா என்னும் பழங்குடியினர் வழிவழியாக வாழ்ந்து வந்தனர். அவர்கள் ஊற்றுகள் இருக்கும் இடம் அறிந்தவர்கள். மெஸ்கீட் மரத்தின் காய்களை உணவாக்கியவர்கள். கோடை முற்றியதும் குளிர்ந்த மலைப்பகுதிக்குச் சென்றவர்கள். வண்டியில் பொருள் நிறைத்தவர் தவித்த இடத்தில், நெஞ்சில் அறிவு நிறைத்தவர் வாழ்ந்தனர் அன்றோ?

இன்றைய பயணிக்கும் இப்பாடம் பொருந்தும். கடுங்கோடையைத் தவிர்த்தல் வேண்டும். நாளொன்றுக்கு ஆளுக்கு 4 லிட்டர் குடிநீரேனும் கொண்டு செல்லல் வேண்டும். வண்டி பழுதுற்றால் அதை விட்டு வெயிலில் நடவாது, அதனருகே உதவிக்குக் காத்திருத்தல் வேண்டும். பொறி நின்றுவிட்டால் குளிர்ச்சியும் நின்றுவிடும். அறிவு ஒன்றே துணை நிற்கும்.

தன்னைக் காப்பது போலவே நிலத்தைக் காப்பதும் பயணியின் கடமை. பாலைமண்ணின் மேற்பரப்பில் பல இடங்களில் நுண்ணுயிர்கள் பிணைத்த மெல்லிய ஓடு ஒன்று உண்டு. அதுவே காற்று மண்ணை வாரிச் செல்லாமல் காக்கிறது. சக்கரம் ஏறினால் அது நொறுங்கும். மீண்டும் உருவாகப் பல்லாண்டுகள் ஆகும். மொகாவிப் பாலையில் 1942 முதல் பயிற்சி பெற்ற படையினரின் டாங்கிகள் பதித்த தடங்கள் இன்றும் அழியவில்லை. ஆளற்ற வெளியில் தடம் பதிந்தால் யாருக்கு இழப்பு என்று கேட்பார் உளர். அது ஆளற்ற வெளி அன்று. திம்பிஷா மக்கள் இன்றும் அங்கு வாழ்கின்றனர்; அவர்தம் தாயகத்தின் ஒரு பகுதியை 2000 ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கே மீட்டளித்தது.

பிறர் இல்லம் புகுவோர் வீட்டாரின் வழக்கம் அறிந்து, அடங்கி ஒழுகுவர். பாலையில் செல்வோரும் அவ்வாறே சாலை விட்டு விலகாது சென்று மீளுதல் வேண்டும். உடன் வருவது எத்துணைப் பெரிய வீடாயினும், அங்கே அவர் விருந்தினரே ஆவர்.