ஈற்றில் நிற்கும் சிறு சொல்

‘வாட் ஆர் யூ டாக்கிங் அபவுட்?’ என்று எழுதிய பிள்ளையின் ஏட்டில் சிவப்பு மைக்கோடு விழுந்திருப்பதைப் பெற்றோர் சிலர் கண்டிருப்பர். ‘பிரிப்பொசிஷன்’ எனப்படும் முன்னிடைச்சொல் வாக்கியத்தின் ஈற்றில் நிற்றலாகாது என்பர். தமிழில் ‘எதைப் பற்றி’ என்பது பிரியாதாதலின், தனித்து நிற்கும் ‘அபவுட்’ நமக்கும் பிழைபோலவே தோன்றும்.

இக்குறையை 1672-இல் பென் ஜான்சனின் நாடக அடியொன்றில் சுட்டியவர் கவிஞர் டிரைடன். பின்னர்த் தம் உரைநடையிலும் அதனைத் தேடித் தேடித் திருத்தினார்! 1762-இல் ஆங்கில இலக்கணம் வெளியிட்ட ராபர்ட் லோத், பிற்காலத்தில் இலண்டனின் ஆங்கிலிக்கன் ஆயரானவர், அத்துணைக் கடுமை காட்டவில்லை. உரையாடலுக்கும் இயல்பான எழுத்துக்கும் அம்முறை பொருந்தும், உயர்நடைக்கே மற்றது அழகு என்றார். அதைக் கூறுமிடத்திலேயே தொடரொன்றை முன்னிடைச்சொல்லால் முடித்தும் இருக்கிறார்.

இலத்தீனைச் சான்று காட்டுவோரும் உளர். பழைய திருப்பலியில் நாம் கேட்ட ‘தோமினுஸ் வோபிஸ்கும்’ என்பதில், ‘உடன்’ எனப் பொருள்படும் ‘கும்’ பின்னாலன்றோ ஒட்டி நிற்கிறது!

ஆங்கிலேயர் தம் வீட்டில் ‘அபவுட் வாட் ஆர் யூ டாக்கிங்?’ என்று வினவுவதில்லை. வினவினால் பிள்ளைகளே நகைப்பர். விண்ணப்பத்திலும் ஆய்வுரையிலும் ‘அபவுட் விச்’ என முன்னிறுத்தி எழுதுதல் நன்று. அதனையும் பிள்ளைகள் கற்கட்டும். ஆயினும் மக்கள் நாவில் இயல்பாக வழங்கும் வினாவை எழுதியதற்காக மதிப்பெண் குறைத்தல் முறையன்று என்றே நாம் கருதுகிறோம்.