போர்டு போகவில்லை, பட்டன்தான் போயிருக்கிறது

பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது எடை போடும் மிஷினைக் கவனித்திருக்கிறீர்களா? தண்ணீர், உப்பு, ஐஸ், செதில் எல்லாம் நாள் முழுக்க அதன் மேல்தான் விழும். பட்டன்கள் இருக்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கவரைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருப்பார்கள். நான் வழக்கமாக மீன் வாங்கும் அம்மாவிடம், "பட்டன் கெட்டுப்போனா என்ன பண்ணுவீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "பட்டனை மாத்திட்டு வருவேன் தம்பி. அதுக்காக மிஷினையா தூக்கிப் போடுவாங்க?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அதற்கு முந்தைய வாரம்தான் எங்கள் வீட்டு மைக்ரோவேவ் ஓவனைத் தூக்கிப் போடச் சொல்லிவிட்டுப் போயிருந்தார் சர்வீஸுக்கு வந்தவர். பத்து நிமிடம், ஒரு நிமிடம், பத்து வினாடி என்ற மூன்று பட்டன்களும் ஒரே நாளில் வேலை செய்யாமல் போயின. மற்ற பட்டன்கள் நன்றாக இருந்தன. விளக்கு எரிந்தது, தட்டு சுற்றியது, ஆட்டோ மெனுவில் போட்டால் பால் சூடானது. வந்தவர் நாலு பட்டனைத் தட்டிப் பார்த்தார். "போர்டு போச்சு சார். இந்த மாடலுக்கு போர்டு இப்ப வர்றதில்ல. எக்ஸ்சேஞ்சுல புதுசு எடுத்துக்குங்க" என்றார். ஒரு ஸ்க்ரூவைக்கூட அவர் கழற்றவில்லை.

கம்ப்யூட்டர் பத்திரிகையில் அடுப்புக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். மைக்ரோவேவ் ஓவனுக்குள் இருப்பதும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர்தான். கட்டளையை வாங்க ஒரு கீபோர்டு, அதைப் புரிந்துகொள்ள ஒரு சிப், பதில் காட்ட ஒரு டிஸ்ப்ளே. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கீபோர்டு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், ஓவன் மெக்கானிக்கிடம் சரியான கேள்வியைக் கேட்க முடியும்.

உங்கள் கீபோர்டில் நூறுக்கும் மேற்பட்ட பட்டன்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒயர் போனால் நூறு ஒயர் வேண்டும். அப்படிச் செய்வதில்லை. பட்டன்களைப் பாய் பின்னுவது போல் குறுக்கும் நெடுக்குமான கோடுகளில் அமைக்கிறார்கள். ஒரு பட்டனை அழுத்தினால் ஒரு குறுக்குக் கோடும் ஒரு நெடுக்குக் கோடும் அந்த இடத்தில் தொட்டுக்கொள்ளும். எந்த இரண்டு கோடுகள் தொட்டன என்று சிப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஓவனில் 20 பட்டன் இருந்தால் 4 குறுக்கு, 5 நெடுக்கு, மொத்தம் 9 கோடுகள் போதும். இந்தக் கோடுகள் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டில் பெரும்பாலும் வெள்ளி கலந்த மையால் அச்சிடப்பட்டிருக்கும். இதற்கு மெம்பிரேன் என்று பெயர். அதன் முனை ஒரு பட்டை நாடா போல நீண்டு, போர்டில் உள்ள கனெக்டருக்குள் செருகியிருக்கும்.

இப்போது கீபோர்டில் டீ கொட்டியதை நினைத்துப் பாருங்கள். ஒரு எழுத்து மட்டும் போவதில்லை, சம்பந்தமில்லாத நாலைந்து எழுத்துகள் சேர்ந்து போகும். அவை எல்லாம் ஒரே கோட்டில் இருப்பவை. எங்கள் வீட்டு ஓவனில் மூன்று பட்டன்கள் சேர்ந்து போனதும் இதே கதைதான். அடிக்கடி அழுத்தும் ஸ்டார்ட் பட்டன் மட்டும் போனால் அந்த இடம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பக்கத்துப் பக்கத்துப் பட்டன்கள் கூட்டாகப் போனால், கோடு எங்கோ அறுந்திருக்கிறது அல்லது கனெக்டரில் தொடர்பு விட்டிருக்கிறது. இரண்டுமே போர்டு போனதற்கு அடையாளம் அல்ல. போர்டும் போகும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய இடம்.

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் நீங்களே சிலவற்றைப் பார்க்கலாம். எந்தப் பட்டனும் வேலை செய்யவில்லை, ஆனால் டிஸ்ப்ளே எரிகிறது என்றால் முதலில் சைல்டு லாக்கைச் சந்தேகியுங்கள். துடைக்கும்போது கை பட்டு அது விழுந்திருக்கும். பல மாடல்களில் ஸ்டாப் பட்டனைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால் விலகிவிடும். மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள். அடுத்தது பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் விட்டு மறுபடி செருகுவது. நின்றுபோன கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்வது போலத்தான்.

அதிலும் சரியாகவில்லை என்றால் உள்ளே ஒரு டம்ளர் தண்ணீரை வையுங்கள் (காலி ஓவனை ஓட விடக்கூடாது), ஒவ்வொரு பட்டனாக அழுத்தி எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று ஒரு தாளில் படம் போட்டுக் குறியுங்கள். நேரத்தை வாங்கிக்கொள்கிறது, ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை என்றால் கதவின் சுவிட்சாகவும் இருக்கலாம். கதவு சரியாக மூடியதாகத் தெரிந்தால்தான் ஓவன் ஓடும். முப்பது வினாடி பட்டன் போன்ற வேறொரு வழியில் ஓவன் ஓடினால் கதவு நன்றாக இருக்கிறது, ஸ்டார்ட் பட்டன்தான் பழுது. இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள், மெக்கானிக்கின் பேச்சே மாறும். கண்ணாடி மேல் விரல் வைத்தாலே போதும் என்கிற டச் மாடல்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றில் முதலில் ஈரத்தைத் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

இதற்கு மேல் நீங்கள் போகக்கூடாது. வெளிக் கவரைக் கழற்றாதீர்கள். கம்ப்யூட்டர் கேபினெட்டைத் திறந்து தூசி தட்டிய தைரியம் இங்கே வேண்டாம். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் இரண்டாயிரம் வோல்ட்டுக்கு மேல் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது வடியாமல் இருக்கலாம். தொட்டால் உயிருக்கு ஆபத்து. அந்த வேலை தெரிந்தவர் கையில்தான் நடக்க வேண்டும்.

எங்கள் ஓவனை மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் உள்ள ஒரு சின்ன ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். என் தாளைப் பார்த்த கடைக்காரர் சிரித்துவிட்டார். கவரைக் கழற்றி, கெப்பாசிட்டரை வடியவிட்டு, நாடாவை உருவிக் காட்டினார். கனெக்டரின் ஒரு ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. "கடல் காத்து சார், அதோட நீங்க கேஸ் அடுப்புக்குப் பக்கத்துல வச்சிருப்பீங்க, இட்லி ஆவி அடிச்சிருக்கும்" என்றார். இரண்டும் உண்மை. டிஸ்ப்ளேக்குப் பின்னால் ஒரு கரப்பான்பூச்சிக் குடும்பமே இருந்தது, அதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ஸ்பிரிட் விட்டுத் துடைத்து, நாடாவை மறுபடி செருகினார். மூன்று பட்டன்களும் வந்துவிட்டன. அவர் வாங்கிய காசு புது ஓவன் விலையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

முதலில் வந்தவரை நான் ஏமாற்றுக்காரர் என்று சொல்லமாட்டேன். ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று அவருக்குக் கணக்கு. உட்கார்ந்து கோடு கோடாகத் தேட நேரம் கிடையாது. அவரிடம் பட்டன் ஷீட் தனியாகக் கொடுக்கப்படவும் இல்லை. என் கோபம் அப்படி ஒரு ஏற்பாட்டை வைத்திருப்பவர்கள் மேல்தான். பல கம்பெனிகள் மேக்னெட்ரானுக்கு ஐந்து வருடம், அதற்கு மேலும் வாரண்டி தருகின்றன. மற்றதற்கெல்லாம் ஒரு வருடம்தான். தினமும் பத்து முறை விரல் படுகிற பட்டனுக்கு ஒரு வருடம், யாரும் தொடாத பாகத்துக்கு ஐந்து வருடம்! அந்தப் பட்டன் ஷீட் சில நூறு ரூபாய்ச் சாமான். அது கிடைக்காததால் ஆயிரக்கணக்கில் போட்டு வாங்கிய அடுப்பு குப்பைக்குப் போகிறது.

மீன்கார அம்மாவின் தராசு ஏன் பிழைக்கிறது? 2009-ஆம் ஆண்டு எடையளவுச் சட்டப்படி தராசு ரிப்பேர் செய்பவர் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும், தராசுக்குக் குறித்த காலத்தில் முத்திரை வாங்க வேண்டும். ரிப்பேர் என்பது அங்கே முறையான தொழில். பாகமும் கிடைக்கிறது, ஆளும் கிடைக்கிறார்.

வீட்டுச் சாமான்களுக்கும் இந்தப் பேச்சு தொடங்காமல் இல்லை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று இதற்கென ஒரு இணையதளம் தொடங்கப்பட்டது. ஒரு பொருளைப் பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று மதிப்பெண் போடும் திட்டத்துக்கு 2025 மே மாதம் இன்னொரு குழு அறிக்கை தந்தது. ஆனால் அதன் கவனம் மொபைல் போன் பக்கம்தான். மொபைலை இரண்டு மூன்று வருடத்தில் மாற்றுகிறவர்கள் நிறைய. பத்து வருடம் ஓடும் என்று நம்பி வாங்குவது சமையலறைச் சாமானை. மதிப்பெண் அங்கேதான் முதலில் தேவை என்பது என் கருத்து. பட்டன் ஷீட்டின் விலையும் அது எத்தனை வருடம் கிடைக்கும் என்பதும் அட்டைப்பெட்டியிலேயே அச்சிடப்பட வேண்டும்.

அது வரும்வரை கடையில் நீங்களே கேளுங்கள்: "பட்டன் ஷீட் மட்டும் தனியாகக் கிடைக்குமா?" விற்பனையாளர் விழிப்பார். பரவாயில்லை, நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்கு விசாரித்து வைத்திருப்பார். சோறு, குழம்பு சூடு பண்ண மட்டும்தான் என்றால் இரண்டு திருகு குமிழ் உள்ள மாடலே போதும். நேரத்துக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று. அதில் பட்டன் ஷீட்டே கிடையாது. என் அம்மாவுக்கு அதைத்தான் வாங்கிக் கொடுத்தேன். எங்கள் பழைய ஓவன் இப்போது கேஸ் அடுப்பை விட்டு நான்கடி தள்ளி, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. பட்டன்கள் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளும் ஒட்டியிருக்கிறேன்.