மறவாத தேகம்

தட்டம்மை ஒருமுறை வார்த்தவருக்கு மறுமுறை வருவதில்லை என்பதை நம் வீட்டுப் பாட்டிமார் நெடுங்காலமாக அறிவார்கள். இதற்குச் சிறந்த சான்று வட அட்லாண்டிக் சமுத்திரத்தில், டென்மார்க்கைச் சேர்ந்த பரோ தீவுகளில் கிடைத்தது.

அங்கே 1781-ஆம் வருஷத்தில் தட்டம்மை பரவி ஓய்ந்தது. பிறகு 65 வருஷகாலம் அது தலைகாட்டவேயில்லை. 1846-ல் கோபன்ஹேகனிலிருந்து வந்த ஒரு தச்சருடன் மீண்டும் கரையேறிற்று. சுமார் 7,800 ஜனங்களில் 6,000-க்கு மேற்பட்டோர் சில மாதங்களுக்குள் படுக்கையில் விழுந்தனர். நிலைமையை ஆராய டென்மார்க் சர்க்கார் அனுப்பிய பீட்டர் பானும் என்ற வாலிப வைத்தியர் ஒரு விந்தையைக் கண்டார். 1781-ல் அம்மை கண்டிருந்த முதியோரில் ஒருவரைக்கூட நோய் மறுமுறை தீண்டவில்லை!

காரணம் யாது? நம் உடலில் கோடிக்கணக்கான வெள்ளையணுக்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒரு வகையில், ஒவ்வோர் அணுவும் ஒரு குறிப்பிட்ட அந்நியப் பொருளை மட்டுமே அடையாளம் காணும். உட்புகுந்த கிருமிக்குப் பொருத்தமான அணு ஒன்று பலவாகப் பெருகி, எதிர்ப்பொருளைச் சுரந்து கிருமியை மடக்குகிறது. இப்படைதிரட்டப் பல நாட்கள் செல்லும். நோயாளி படும் பாடெல்லாம் அதற்குள்தான். வெற்றிக்குப் பின் படை கலைந்தாலும், சில நினைவணுக்கள் தங்கிவிடுகின்றன. அதே பகைவன் மறுபடி வந்தால், அவன் வேரூன்றுமுன் அவை விழித்தெழுகின்றன.

அப்படியானால் அம்மை வந்து போகட்டும் என்று இருந்துவிடலாமா? கூடாது. தட்டம்மைக் கிருமி அந்த நினைவணுக்களையே தாக்கி அழிக்கவல்லது. இந்நோய் கண்ட குழந்தைகள், மற்றக் கிருமிகளுக்கெதிராக முன்பு சேர்த்திருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை இழந்திருந்ததை 2019-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. தன்னை மட்டும் நினைவில் பதித்துவிட்டு, மற்றப் பகைவரை மறக்கடிக்கும் வஞ்சகம் இது! அம்மை இறங்கிய பின்னரும் குழந்தைகள் வேறு நோய்களுக்கு எளிதில் இரையாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தடுப்பூசியில் உள்ளது வலுக்குன்றிய கிருமி. அது பகைவனை இன்னான் என்று உடலுக்குக் காட்டும்; பழைய நினைவை அழிக்காது. நம் நாட்டில் குழந்தைக்கு ஒன்பது மாதம் நிறைந்ததும் ஒரு தவணையும், 16 முதல் 24 மாதங்களுக்குள் மறு தவணையும் அரசாங்கம் இலவசமாகப் போடுகிறது. தாய்மார்களே, உடல் மறப்பதில்லை. அதற்குரிய பாடத்தைக் காலத்தில் கற்பிக்க நாமும் மறவாதிருப்போமாக.