மார்ஜின் நெகட்டிவ் என்றால் அழக்கூடாது

எல்லை என்ற வார்த்தை திருத்தணிக்காரர்களுக்குப் புதிதல்ல. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் எங்கள் தாலுகா ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. ம.பொ.சி. கதை கேட்டு வளர்ந்த ஊர். ஆனால் போன மாதம் பெரியம்மாவின் ரிப்போர்ட்டில் பார்த்த எல்லை வேறு.

மார்பகத்தில் கட்டியை மட்டும் எடுத்த ஆபரேஷன். பெத்தாலஜி ரிப்போர்ட்டில் 'மார்ஜின்ஸ் நெகட்டிவ்' என்று ஒரு வரி. நெகட்டிவ் என்றதும் பெரியம்மா அழ ஆரம்பித்துவிட்டார். கொடுத்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது நல்ல செய்தி!

சொத்தைக் கத்தரிக்காயை நறுக்கும்போது சுற்றியுள்ள நல்ல பாகத்தையும் சேர்த்து வெட்டுவோமில்லையா, அதேதான். எடுத்த துண்டின் வெளிப்பக்கம் முழுக்க மை தடவி, மெல்லியதாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். புற்றுநோய் செல் மையைத் தொட்டால் பாசிட்டிவ். உள்ளே ஏதோ மிச்சம் இருக்கலாம் என்று அர்த்தம். பெரும்பாலும் அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் வெட்டுவார்கள். தொடாவிட்டால் நெகட்டிவ்.

"ஒரு மில்லிமீட்டர்தான் இடைவெளியாம், முழுசா எடுத்திருக்கலாமே" என்றார் மாமா. நியாயமான பயம்தான். ஆனால் பரவும் வகைக் கட்டிக்கு, பிறகு மார்பகம் முழுதும் கதிர்வீச்சும் கொடுத்தால், மையைத் தொடாமல் இருந்தாலே போதும் என்று 2014-ல் அமெரிக்க அறுவை, கதிர்வீச்சு நிபுணர் சங்கங்கள் சொல்லிவிட்டன. பால்குழாய்க்குள்ளேயே நிற்கும் ஆரம்ப வகைக்கு 2 மில்லிமீட்டர் (இது 2016). முழுசா எடுப்பது பற்றி: மிலானிலும் அமெரிக்காவிலும் 20 வருடம் பின்தொடர்ந்து 2002-ல் வெளியிட்ட ஆய்வுகளில், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு பெற்றவர்களும் முழு மார்பகத்தை எடுத்தவர்களும் ஒரே அளவில்தான் உயிர் பிழைத்திருந்தார்கள். எல்லோருக்கும் இது ஒத்துவராது, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நான் படிக்கிற பையன், டாக்டர் இல்லை.

என் கோபம் வேறு. முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை ஆரம்பித்தது 1954-ல். இத்தனை வருடம் கழித்தும், "ஓரத்தில் நோய் இல்லை" என்று ரிப்போர்ட்டின் கீழே தமிழில் எழுத ஒரு வரி இடம் இல்லையா? அந்த ஒரு வரி இருந்திருந்தால் பெரியம்மா இரண்டு ராத்திரி தூங்கியிருப்பார்.

இப்போது நேர் எதிர்ப் பிரச்சினை. "ஓரம் சுத்தம்தானே, அப்புறம் கரண்ட் எதுக்குடா?" என்கிறார் (கதிர்வீச்சை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்). கண்ணுக்குத் தெரியாமல் வேறு இடத்தில் ஒரு செல் இருந்தால்? ஓரம் சுத்தம் என்ற கணக்கே கதிர்வீச்சையும் சேர்த்துத்தான் என்று விளக்கினேன். பாதி நம்பியிருக்கிறார். திங்கட்கிழமை சென்னை ரயிலில் நானும் கூடப் போகிறேன், ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு.